அவங்க அப்பாவுக்குத்தான் தெரியும்

பல்செட்டுங்களா? உங்க மாமனாரு பல்செட்டையே முழுங்கிட்டாருங்களா? அட சாமி! சிரிக்கக் கூடாதுதான் அம்மிணி, மன்னிச்சுக்குங்க. கறிச்சாறு ஊத்திச் சாப்பிடறப்பவா? எலும்புன்னு நெனச்சுட்டாராக்கும். பயப்படாதீங்க. வாய் வழியாப் போனது வாய் வழியாவே வந்துரும். காத்தால ஒரு கொழந்தை முழுங்குன சட்டைப் பொத்தானைப் பத்து நிமிஷத்துல எடுத்துக் கையில குடுத்துட்டாங்க. உங்களுது அதைவிடச் சித்தப் பெருசு, அவ்வளவுதான்.

இப்படி வந்து உக்காருங்க. இந்த ஒரு எடத்துலதான் ஃபேன் காத்து வருது.

எனக்குங்களா? எம் பொண்ணு உள்ள இருக்கா. தாரணின்னு பேரு. ரெண்டு மணிநேரம் ஆகப் போகுது. பித்தக்குழாயில கல்லு அடைச்சிருக்குதுங்க. வயித்தைக் கிழிக்காம வாய் வழியாவே கேமராக் குழாயை விட்டு எடுக்கறாங்க. மத்தவங்களுக்கு அரைமணி நேர வேலைதானாம். இவளுக்கு மட்டும் மூணு மணிநேரம் ஆகும், அதுலயும் எட்டலைன்னா வயித்தைத் தொறக்கணும்னு சொல்லிட்டுத்தான் டாக்டர் உள்ள போனாரு. வர்ற வைகாசி மூணாந்தேதி அவளுக்குக் கல்யாணம். இன்னும் இருபத்திநாலு நாள் இருக்குது. பத்திரிகை அடிச்சுப் பாதி ஊருக்குக் குடுத்தாச்சு.

ஏன் இவளுக்கு மட்டும் மூணு மணிநேரம்னு கேக்கறீங்களா? அதை வெளிய சொல்லக் கூடாதுங்க. பத்து மாசமா ஒருத்தருகிட்டயும் மூச்சு விட்டதில்ல. எங்கூடப் பொறந்த அண்ணனுக்கே தெரியாது. ஆனா உங்களை இனி நான் எங்க பாக்கப் போறேன்? பல்செட்டை வாங்கிக் கழுவிக்கிட்டு உங்க ஊருக்குப் போயிருவீங்க. சம்பந்தியம்மா சம்பூரணம் மருதமலைக்கு வேண்டிக்கிறதுக்குப் போயிருக்குது, வர்றதுக்கு இன்னும் ஒரு மணிநேரம் ஆகும். மாப்பிள்ளைப் பையன் யுவராஜை டாக்டர் உள்ள கூப்புட்டிருக்காரு. பெத்தவ என்னைய விட்டுட்டு அவனை எதுக்குக் கூப்புட்டாருன்னுதான் தெரியல. ஏதாச்சும் கையெழுத்தா இருக்கும்.

சொல்றேன், கேளுங்க. மனசுலயே வச்சிருந்து எனக்கும் நெஞ்சு வலிக்குது.

எம் பொண்ணு குண்டுங்க. இப்ப இல்ல, முன்ன. போன வருசம் இந்நேரம் நூத்திநாலு கிலோ. நான் கல்யாணமாகி வந்தப்ப நாப்பத்தஞ்சு கிலோதான் இருந்தேன். இவ எங்கிருந்து அப்படி வந்தாளோ தெரியல, அவங்கப்பன் வீட்டுப் பக்கம் எல்லாருக்கும் இடுப்பு பெருசு. படிப்பெல்லாம் நல்லாப் படிச்சா, எம்மெஸ்ஸி கணக்கு. பெருந்துறையில காலேஜுல வாத்தியாரம்மாவா இருக்கா. இருந்து என்னுங்க பண்றது? இருபத்தி மூணு வயசுல ஜாதகத்தை எடுத்தேன். நாலு வருசத்துல பதினேழு பேரு வந்து பாத்துட்டுப் போனாங்க. காப்பியைக் குடிச்சாங்க, கச்சாயத்தைத் தின்னாங்க, போய்ச் சொல்லி அனுப்பறோமுங்கன்னு எந்திரிச்சுப் போனாங்க. காங்கேயத்துலருந்து வந்த ஒரு பெரியவரு, வாசல்ல செருப்பை மாட்டிக்கிட்டே, “இந்தப் புள்ளைய ஏத்தறதுக்கு நம்ம காரு பத்தாது, லாரிதான் சொல்லோணும்”னாரு. மெதுவாத்தான் சொன்னாரு. ஆனா எனக்குக் கேட்டுருச்சு.

அதை அன்னைக்கே அவகிட்டச் சொன்னேன். அதுக்கப்புறமும் அவ சோத்துல கைய வைக்கறப்பெல்லாம், “லாரிக்காரரு ஞாபகம் இருக்குதா கண்ணு?”ம்பேன். உறைக்கட்டும்னுதான். பெத்தவ சொல்லாம வேற யாருங்க சொல்லுவா? அரிசிம்பருப்புச் சோறுன்னா அவளுக்கு உசுரு. வீட்டுல அதை ஆக்கறதையே நிறுத்திட்டேன். ஃப்ரிட்ஜைப் பூட்டிச் சாவியை இடுப்புல சொருகிக்குவேன். சொந்தபந்தம், ஒறம்பரை வீட்டுக் கல்யாணத்துக்குக் கூட்டிட்டுப் போனா, போட்டோக்காரன் வர்றப்ப அவளைப் பின்னாடி நிக்கச் சொல்லிருவேன். எல்லாம் அவ நல்லதுக்குத்தான்.

அப்பத்தான் பெங்களூர்ல வயித்துல ஆபரேஷன் பண்ணி இளைக்க வைக்கறாங்கன்னு கேள்விப்பட்டேன். இவ மாட்டேன்னா. “அம்மா, எனக்கு சக்கரை இல்ல, பிரஷர் இல்ல. நான் நல்லாத்தானம்மா இருக்கறேன்”னா. “நீ நல்லா இருந்து யாருக்கு என்ன பிரயோசனம்?”னு கேட்டேன். அப்பறம் ரெண்டு நாள் நான் சாப்பிடல. மூணாம் நாள் சரின்னுட்டா. என்ன இருந்தாலும் பாசமான புள்ளைங்க.

ஊர்ல ட்ரெயினிங்னு சொல்லிட்டு, போன ஆனி மாசம் கூட்டிட்டுப் போனேன். வயித்தை மேலயே வெட்டி, கோழிமுட்டை அளவுக்கு ஒரு பை மட்டும் வச்சுட்டு, குடலைக் கீழருந்து இழுத்து அந்தப் பையில ஒட்டிட்டாங்க. பெரிய வயிறு ஒரு பக்கமா சும்மா கெடக்கும், சோறு அங்க போகாது. வெளிய பாத்தா அஞ்சு சின்னத் தழும்புதான். ஒருவாய் சோறு தின்னாலே வயிறு நெறஞ்சுரும். நானும் பக்கத்துல உக்காந்து பாப்பேன், ரெண்டாவது வாய்க்கு அவ கண்ணுல தண்ணி வரும், தட்டைத் தள்ளிருவா. எனக்கு அப்படியொரு நிம்மதிங்க. ஃப்ரிட்ஜுச் சாவியைத் திருப்பி ஆணியில மாட்டிட்டேன்.

நாலு மாசத்துல முப்பது கிலோ எறங்குச்சு. தெருவே வாயப் பொளந்துச்சு. என்ன வசந்தாமணி, புள்ளைக்கு என்ன குடுத்தேன்னு வந்து நின்னாங்க. கொள்ளுத் தண்ணி, காத்தால கோயிலைச் சுத்தி நடைன்னு சொல்லிட்டேன். இப்ப எங்க தெருவுல பாதிப் பேரு கொள்ளுத் தண்ணிதான் குடிக்கறாங்க. அவ்வளவு எதுக்குங்க, எங்க சம்பந்தியம்மாவே மூணு மாசமாக் குடிக்குது. அரைக்கிலோ கூடக் குறையல. “அளவு என்னுங்க, ஒரு டம்ளரா ரெண்டு டம்ளரா?”ன்னு வாராவாரம் எனக்குப் போன் பண்ணிக் கேக்கும். நானும் ரெண்டுன்னு சொல்லி வச்சிருக்கறேன்.

பதினெட்டாவதா வந்ததுதான் இந்த எடம். திருச்செங்கோட்டுப் பக்கம், நல்ல குடும்பம். பையன் புனேயில எஞ்சினியரு. பாக்க வந்தப்ப சம்பூரணம் இவ தாவாக்கட்டையப் புடிச்சுப் பாத்து, “செதுக்கி வச்சாப்பல இருக்கறா”ன்னுச்சு. எனக்கு அழுகையே வந்துருச்சு அம்மிணி. நாலு வருசம் கேக்காத வார்த்தை. அன்னைக்கு ராத்திரியே நான் முடிவு பண்ணிட்டேன், இது ஒருக்காலும் வெளிய தெரியக் கூடாதுன்னு. டாக்டர் எழுதிக் குடுத்த மாத்திரை ஒரு கூடை இருந்துச்சு. சத்துக்கு மூணு, பித்தத்துக்கு ஒண்ணு. ஆறு மாசத்துக்குத் தவறாமப் போடச் சொன்னது, நாலு மாசந்தான் ஆயிருந்துச்சு. நல்லாத்தான் இளைச்சாச்சே, இனி எதுக்கு? நாளைக்குச் சம்பந்தி வீட்டுல யாராச்சும் வந்து டப்பாவைப் பாத்தா நோயாளிப் பொண்ணும்பாங்க. எல்லாத்தையும் சாக்கடையில கொட்டிட்டேன். பெங்களூருக்குத் திரும்பக் காட்டறதுக்கு வரச் சொன்னதுக்கும் போகல.

தை பொறந்தா உப்புச் சக்கரை மாத்தி நிச்சயம் பண்ணற விசேசம். அதுக்கு முன்னாடி ஃபைலை என்ன பண்றதுன்னு ரோசன பண்ணுனேன். எங்க பக்கம் போகிக்கு வாசல்ல வேப்பந்தழை வச்சுக் காப்புக் கட்டறதோட சரி, கொளுத்தறதெல்லாம் இல்லீங்க. நான் கொளுத்துனேன். ஃபைலு, ஸ்கேனு, அவ குண்டா இருந்தப்ப எடுத்த போட்டோ, பழைய சுடிதாரு, அத்தனையும் பொழக்கடையில வச்சுக் கொளுத்திட்டேன். இவ நின்னு பாத்துக்கிட்டே இருந்தா. “அம்மா, அது எப்பவும் வேணும்னு டாக்டர் சொன்னாரும்மா”ன்னா. கல்யாணமாகி ரெண்டு புள்ளை பெத்ததுக்கப்பறம் வேணும்னா கேட்டு வாங்கிக்கலாம்னு சொன்னேன்.

உப்புச் சக்கரை அன்னைக்கு ஒரு கூத்துங்க. இந்த மாதிரி வயித்துக்காரங்களுக்கு இனிப்பு ஆகாதாம், மயக்கம் வந்துரும். சம்பூரணம் கை நெறயச் சக்கரையை எடுத்து இவ வாயில போட்டுருச்சு. பத்து நிமிஷத்துல இவளுக்கு வேர்த்து ஊத்துது, கை நடுங்குது. நான் முதுகைப் புடிச்சு நிமுத்தி வச்சுக்கிட்டு, “வெக்கப்படறா”ன்னு சொன்னேன். அத்தனை பேரும் சிரிச்சாங்க. அந்தப் பையன் மட்டும் சிரிக்காம எந்திரிச்சுப் போயித் தண்ணி கொண்டாந்தான்.

பங்குனியில வயித்து வலின்னா. மேல் வயித்துல, வலது பக்கமா, முதுகு வரைக்கும் இழுக்குதும்மான்னா. கல்யாணத்தை வச்சுக்கிட்டு ஆஸ்பத்திரி வாசல்ல போயி நிக்க முடியுங்களா? ஓமத்தண்ணி குடுத்தேன், சுக்கு தட்டிக் குடுத்தேன். வலி வந்தா சாப்பிட மாட்டா. அதுல ஒரு வாரத்துல இன்னும் ரெண்டு கிலோ எறங்குச்சு. பட்டு ரவிக்கைக்கு அளவெடுக்க வந்த பொண்ணு, மறுபடியும் புடிக்கணுமேக்கான்னா. பொய் சொல்லக் கூடாது, எனக்குச் சந்தோசமாத்தான் இருந்துச்சு.

அப்பறந்தான் கண்ணு மஞ்சளாச்சு. மொதல்ல கண்ணு, அப்பறம் முகம், கை. காமாலைன்னு எனக்கே தெரிஞ்சிருச்சு. கீழாநெல்லி அரைச்சுக் குடுத்தேன். அன்னைக்குன்னு பாத்துச் சம்பூரணம் பூ வச்சுட்டுப் போக வர்றேன்னு போன் பண்ணுது. என்ன பண்றது? கஸ்தூரி மஞ்சளைக் கொழைச்சு அவ முகம், கழுத்து, கையெல்லாம் நானே பூசி விட்டேன். கல்யாணப் பொண்ணு மஞ்சப் பூசாம இருப்பாளா? வந்த சம்பூரணம், “அடடா, மஞ்ச முகத்துல மின்னுது, என்னமா ஜொலிக்கறா எம் மருமக!”ன்னு திருஷ்டி கழிச்சுட்டுப் போச்சு. அப்பறம் எட்டு நாள் தெனமும் பூசினேன். யாரும் கண்டுபுடிக்கல. உடம்பு அரிக்குதும்மான்னு சொறிஞ்சுக்கிட்டே கெடந்தா. மஞ்ச பூசுன எடத்துல நகம் படாதடி, கோடு விழுகுதுன்னு கையைத் தட்டி விட்டேன்.

என்னுங்க அப்படிப் பாக்கறீங்க? உங்களுக்குப் பொண்ணு இருக்குதா? ரெண்டும் பசங்களா. அப்ப உங்களுக்குப் புரியாது.

முந்தாநாள்... இல்ல, அதுக்கும் மொத நாளு, திங்கக்கெழம, கட்டில் ஆடற மாதிரி குளிர்க்காய்ச்சல். அன்னைக்குன்னு சம்பூரணம் சேலை காட்டறதுக்கு வந்திருந்துச்சு. ஒடனே அதோட தங்கச்சி நர்ஸா இருக்கற ஈரோட்டு ஆஸ்பத்திரிக்கே கூட்டிட்டுப் போயிருச்சு. நம்ம ஆளு அங்க இருக்கறா, நல்லாப் பாத்துக்குவான்னு. அங்கதாங்க எனக்குப் பயம் புடிச்சுது. அங்க ஒரு பேப்பர்ல எழுதறது அன்னைக்கே சம்பூரணம் வீட்டுக்குப் போயிரும்.

ஸ்கேன் பாத்துட்டு டாக்டர் வந்தாரு. பித்தக்குழாயில கல்லு, மேல சீழ் புடிக்குது, ஒடனே எடுக்கணும்னாரு. “இதுக்கு முன்னாடி வயித்துல ஏதாச்சும் ஆபரேஷன் ஆயிருக்குதா?”ன்னு கேட்டாரு. கட்டிலுக்கு அந்தப் பக்கம் சம்பூரணம், தலைமாட்டுல அதோட தங்கச்சி. “அப்பெண்டிக்ஸ் மட்டுந்தானுங்க, பத்தாவது படிக்கறப்ப”ன்னு சொன்னேன். டாக்டர் இவளைப் பாத்துக் கேட்டாரு. நான் இவ கையைப் புடிச்சிருந்தேன். புடிச்சிருந்தேன்னா, நல்லா அழுத்தித்தான் புடிச்சிருந்தேன். இவ என் முகத்தையே பாத்தா. அப்பறம், ஆமாங்கன்னு தலையாட்டிட்டா. சொன்னேனில்ல, பாசமான புள்ளை.

மறுநாள் விடியறப்ப மயக்க ஊசி போட்டுக் குழாயை விட்டிருக்காங்க. ஒரு மணிநேரங் கழிச்சு டாக்டர் வேர்த்து விறுவிறுத்து வெளிய வர்றாரு. “என்னம்மா, வயித்தையே வெட்டி வழியை மாத்தி வச்சிருக்குது, நீங்க அப்பெண்டிக்ஸ்ங்கறீங்க? நான் போக வேண்டிய வழியே அங்க இல்லம்மா. என்ன ஆபரேஷன், எங்க பண்ணுனீங்க?” எல்லாரு முன்னாடியும் கேக்கறாரு. அப்பத்தான் எங்கவீட்டுக்காரரு ஞாபகம் வந்துச்சு. அவரு போயி அஞ்சு வருசம் ஆச்சு.

“அவங்க அப்பாவுக்குத்தான் தெரியுமுங்க டாக்டர்”னு சொன்னேன். “சின்னப் புள்ளையில வயித்துல புண்ணுன்னு எங்கியோ கூட்டிட்டுப் போயி என்னமோ பண்ணிட்டு வந்தாரு. நான் அப்ப எங்க பெரியம்மா சாவுக்குப் போயிருந்தேன். எனக்கு ஒண்ணுமே சொல்லல”ன்னேன். செத்தவரு எந்திரிச்சு வந்து இல்லைன்னா சொல்லப் போறாரு? “இது பழைய தையல் மாதிரித் தெரியலையே”ன்னாரு டாக்டர். “நான் படிக்காதவளுங்க”ன்னு அழுதேன். நான் பி.ஏ. எகனாமிக்ஸ். அது அவருக்கெதுக்கு?

சம்பூரணம் நம்பிருச்சுங்க. என்னையக் கட்டிப் புடிச்சுக்கிட்டு, “ஆம்பளைக இப்படித்தான், ஒண்ணும் சொல்ல மாட்டாங்க”ன்னு அதும் கூட அழுதுச்சு.

டாக்டர் மறுபடியும் சொன்னாரு. கோயமுத்தூர்ல இதுக்குன்னு நீளக் குழாய் இருக்குது, அங்க பேசறேன், ஆனா என்ன ஆபரேஷன், குடலை எத்தனை தூரத்துல ஒட்டியிருக்காங்கன்னு ஃபைல் இருந்தா அவங்களுக்கு வழி தெரியும், வீட்டுல தேடிப் பாத்து எடுத்துட்டு ஓடியாங்கன்னாரு. சரின்னு கெளம்பிட்டேன். சம்பூரணமும் நானும் கூட வர்றேன், ரெண்டு பேராத் தேடுனா சீக்கிரம் கெடைக்கும்னு வந்துருச்சு. என்னத்தைச் சொல்ல அம்மிணி! இல்லாத ஃபைலை ரெண்டு பேரும் காத்தாலருந்து சாயங்காலம் வரைக்கும் தேடுனோம். பீரோவுல தேடுனோம், அட்டாலியில ஏறித் தேடுனோம். அந்தம்மா அரிசி டிரம்முக்குள்ள கைய விட்டுத் துழாவிச்சு. எங்கவீட்டுக்காரரு பெட்டியத் தொறந்து அவரு வேட்டியெல்லாம் உதறிப் பாத்துச்சு. தலையெல்லாம் ஒட்டடை. மத்தியானம் நாந்தான் பசிக்குமேன்னு ரசம் வச்சுச் சோறு போட்டேன். அந்தம்மா ரெண்டு வாய் தின்னுட்டு, “புள்ளை அங்க கெடக்கறா, எனக்கு எறங்கல”ன்னு மறுபடியும் பரண்ல ஏறிருச்சு.

அந்தப் பையன் வேற புனேயிலருந்து போன் மேல போனு. அவ போனு எங்கிட்டத்தான் இருந்துச்சு. காய்ச்சல் வேகத்துல ஏதாச்சும் ஒளறி வச்சிருவாள்னு நான் எடுத்து வச்சுக்கிட்டேன். நாப்பது தடவைக்கு மேல அடிச்சிருப்பான். எடுக்கல. ‘தூங்கறேன்’னு அவ பேர்ல நானே ஒரு மெசேஜ் அனுப்பிச்சேன். சம்பூரணத்துக்கிட்டயும், பையனைப் பயமுறுத்தாதீங்க, சாதாரணக் காய்ச்சல்னு சொல்லுங்கன்னு சொல்லி வச்சேன்.

ஃபைல் கெடைக்கலைன்னு சாயங்காலம் போயிச் சொன்னேன். அதுக்குள்ள இவளுக்கு நெனப்புத் தப்பிருச்சு. ராத்திரி முச்சூடும் ஊசி மருந்து ஏத்திப் பாத்தாங்க, காய்ச்சல் எறங்கல. நேத்து ஆம்புலன்ஸ்ல இங்க கொண்டாந்தோம். சம்பூரணம் பையங்கிட்ட உண்மையச் சொல்லிருச்சாட்ட இருக்குது, அவன் இன்னைக்குக் காத்தாலயே ஏரோப்ளேன் புடிச்சு வந்துட்டான். மூஞ்சி கழுவல, தலை சீவல, நேரா வந்து கண்ணாடி வழியா அவளைப் பாத்துக்கிட்டு நின்னான். அவ பாக்கறதுக்கு எப்படி இருக்கறாளோன்னு எனக்குத்தான் கவலை. நல்லவேளை, போர்வை கழுத்து வரைக்கும் மூடியிருந்துச்சு.

இங்க டாக்டர் நல்லா வெளக்கமாச் சொல்றாரு. நம்மளுக்கெல்லாம் வாயிலருந்து வயிறு, வயித்தைத் தாண்டுனா ஒரு வளைவு, அங்கதான் பித்தம் விழற தொளை. இவளுக்கு அந்த முன்வாசலை அடைச்சாச்சு. கொடலு வழியாக் கீழ எறங்கி, ஒட்டுப் போட்ட எடம் வரைக்கும் போயி, அங்கருந்து இன்னொரு கொடல்ல திரும்பி மேல ஏறி, பொழக்கடைப் பக்கமா அந்தத் தொளைக்கு வரணுமாம். முனையில பலூன் கட்டுன குழாயாம். பலூனை ஊதறது, கொடலைச் சுருக்கறது, சித்த முன்ன போறது, மறுபடி ஊதறது. புழு ஊர்ற மாதிரி. “எத்தனை தூரத்துல ஒட்டியிருக்காங்கன்னு தெரிஞ்சா சீக்கிரம் போயிரலாம். நல்லா யோசிச்சுச் சொல்லுங்கம்மா”ன்னு இவரும் கேட்டாரு. பையன் பக்கத்துல நிக்கறான். நான் என்னத்தைச் சொல்றது? “அவங்க அப்பாவுக்குத்தான் தெரியுமுங்க”ன்னு சொன்னேன். டாக்டர் என்னையவே பாத்தாரு. பையனும் பாத்தான். அப்பறந்தான், நீங்க வாங்க தம்பின்னு அவனை உள்ள கூட்டிட்டுப் போனாரு.

பெங்களூர் டாக்டர் நம்பருங்களா? இருக்குது. என் போன்லயே இருக்குது. ஏன் கேக்கறீங்க? இப்பப் போயி அதைக் குடுத்தா, பொய் சொன்னேன்னு ஆயிராதா? இருபத்திநாலு நாளுதாங்க இருக்குது. இத்தனை நாள் காப்பாத்திட்டேன். கல்லை எடுத்துட்டாங்கன்னா ஒரு பேச்சு இல்லாமப் போயிரும். அவளும் தண்ணியே குடிக்க மாட்டா, சொன்ன பேச்சுக் கேட்டு நல்லாத் தண்ணி குடிச்சிருந்தா கல்லே வந்திருக்காது.

இருங்க, இருங்க. கதவு தொறக்குது. டாக்டருதான். ஒரு நிமிஷம் அம்மிணி, என் பையைப் பாத்துக்குங்க.

*

உக்காருங்க. எங்க போறீங்க? உங்க மாமனாரை இன்னும் கூப்புடலையே. சித்த உக்காருங்க.

நீங்களும் இங்கதான நின்னீங்க, உங்களுக்கும் கேட்டிருக்குமே. மூணு கல்லு எடுத்தாச்சாம். சீழ் குடம் மாதிரி வந்துச்சாம். பித்தம் வடியறதுக்கு உள்ள சின்னக் குழாய் வச்சிருக்காங்களாம். கிருமி ரத்தத்துல கலந்துருச்சு, கிட்னி வேலை செய்யல, மூச்சுக்கு மிஷின் வச்சிருக்கு, ரெண்டு நாள் தாண்டணும், இப்ப ஒண்ணும் சொல்ல முடியாதுங்கறாரு. ஒருநாள் முந்தி வந்திருந்தா இவ்வளவு தூரம் ஆயிருக்காதுங்கறாரு. டாக்டருங்க எப்பவும் அப்படித்தானுங்க சொல்லுவாங்க.

நான் சொல்ல வர்றது அதில்ல. அவரு கடைசியாச் சொன்னதைக் கேட்டீங்களா? “இந்தத் தம்பி போன்ல ஃபைலோட போட்டோ வச்சிருந்தாரு, அதனாலதான் இன்னைக்கு வழி தெரிஞ்சுது”ன்னாரு. ஃபைலு! நான் கொளுத்துன ஃபைலு! அந்தப் பையன் எம் முன்னாடி வந்து நின்னுக்கிட்டு, “அத்தை, தாரணி எங்கிட்ட மொதல்லயே எல்லாஞ் சொல்லிட்டா. உப்புச் சக்கரைக்கு முன்னாடியே. ஃபைலையும் அனுப்பி வச்சிருந்தா. எங்கம்மாவுக்குத் தெரிய வேண்டாம், எனக்குத் தெரியும்னு உங்களுக்கும் தெரிய வேண்டாம், நீங்க சங்கடப்படுவீங்கன்னு சத்தியம் வாங்கிட்டா”ங்கறான். “ரெண்டு நாள்ல ஒருக்கா, ஒரே ஒருக்கா அந்தப் போனை எடுத்திருந்தீங்கன்னா...”ன்னு சொல்லிட்டு அழுகறான். நடு ஆஸ்பத்திரியில நின்னுக்கிட்டு ஆம்பளை அழுகறான்.

பாத்தீங்களா எம் பொண்ணை? வயித்தைக் கட்டி வாயைக் கட்டி நான் காப்பாத்தி வச்சிருக்கறேன், அவ கல்யாணத்துக்கு முந்தியே ஒரு ஆம்பளைக்குத் தன் வயித்தைப் பத்தி எழுதிப் போட்டோ எடுத்து அனுப்பியிருக்கா. நூத்திநாலு கிலோன்னு அதுல போட்டிருக்குமே! அதையும் படிச்சிருப்பானே! பெத்தவகிட்ட ஒரு வார்த்தை சொன்னாளா? கூடவே இருந்து குழி பறிச்சிருக்கா. அந்தக் கையையா நான் புடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன்?

உள்ள போயிப் பாக்கறதா? விடுவாங்க, போலாம். அந்தப் பையந்தான் போயி நிக்கறானே.

அம்மிணி, நீங்களே சொல்லுங்க. லட்சணமான பையன், எஞ்சினியரு, சொத்துச் சொகம் இருக்குது. அவனுக்கு எத்தனை பொண்ணு கெடைக்கும்? நூத்திநாலு கிலோ இருந்தவ, வயித்தை வெட்டிக்கிட்டவன்னு தெரிஞ்சுக்கிட்டே, சரின்னு ஒருத்தன் வந்து மணவறையில உக்காரறதுக்கு ரெடியாகறான்னா, அவங்கிட்ட என்னமோ பெரிய கொறை இருக்குதுங்க. இருந்தே ஆகணும். இல்லாட்டி எதுக்கு இவளைக் கட்டறான்? நானும் பத்து மாசமா என் பக்கத்தை மறைக்கறதுலயே இருந்துட்டேன், அவன் பக்கத்தை விசாரிக்காம உட்டுட்டேன். இவளுக்கு நிச்சயம் தெரிஞ்சிருக்கும். அதையும் எங்கிட்ட மறைச்சிருக்கா.

கண்ணு முழிக்கட்டும். மொதல்ல அதைத்தான் கேக்கப் போறேன்.